வீட்டு வரிச் சீட்டில் என்ன இருக்கிறது?

பேச்சுவழக்கில் வீட்டு வரி என்று நாம் சொல்லும் சொத்து வரியை ஆண்டுக்கு இரண்டு முறை கட்டுகிறோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. பில் கலெக்டர் கேட்கும் தொகையைக் கொடுத்து ரசீதை வாங்கிப் பீரோவுக்குள் வைப்பதோடு பலருக்கு வேலை முடிந்துவிடுகிறது. அந்தத் தொகை எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பை வைத்துத்தான் நகர்ப்புறங்களில் வரி போடுகிறார்கள். சந்தை வாடகை அல்ல அது. தெருவுக்கோ மண்டலத்துக்கோ சதுர அடிக்கு இவ்வளவு என்று உள்ளாட்சி அமைப்பே வகுத்த கணக்கு. கட்டடத்தின் பரப்பு, கூரையின் வகை, குடியிருப்பா கடையா என்பதெல்லாம் அதில் சேரும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சதுர அடி. 2022-இல் தமிழக அரசு வரியை உயர்த்தியபோது, 600 சதுர அடிக்குள் இருந்த வீடுகளுக்குச் சென்னை தவிர்த்த ஊர்களில் 25 சதவீதம்தான் கூடியது. 1,800 சதுர அடியைத் தாண்டியவற்றுக்கு 100 சதவீதம். உங்கள் வீட்டின் பரப்பு தவறாகப் பதிவாகியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வரியை மாற்றும்போது அறிவிப்பு அனுப்புவார்கள். அதில் குறித்த கெடுவுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை தரலாம்.

இந்த வரிக்குள் நூலக வரியும் அடங்கியிருக்கிறது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் பல ஆண்டுகள் வாதாடியதன் பயனாக, 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. ஏழைப் பிள்ளைக்கும் புத்தகம் கிடைக்க ஊரே பங்கு கொடுக்கட்டும் என்ற ஏற்பாடு. இன்று சொத்து வரியில் 10 சதவீதம் நூலக வரியாகப் பிடித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். பல உள்ளாட்சிகள் வசூலித்ததைக் கொடுக்காமல் நிலுவை வைப்பதாக நூலக ஆர்வலர்கள் தொடர்ந்து முறையிடுகிறார்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் புதுப் புத்தகம் வராவிட்டால், அதற்கான பணத்தை நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்பதை மறக்காதீர்கள். எனக்கு இதில் மெய்யாகவே வருத்தம் உண்டு.

ஒரு எச்சரிக்கை. வரி ரசீது வீட்டுக்கு உரிமைப் பத்திரம் ஆகாது. வரி உங்கள் பெயரில் இருப்பதாலேயே வீடு உங்களுடையது என்று நீதிமன்றம் ஏற்காது. அதற்காகப் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. பெரியவர் காலமான பின்னும் அவர் பெயரிலேயே வரி கட்டிவரும் குடும்பங்கள் ஏராளம்; விற்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும்தான் அலைச்சல் தெரியும்.

நகர்ப்புறங்களில் அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி.

வருமான வரி தில்லி போய்த்தான் திரும்பும். சொத்து வரியோ நேராக உங்கள் நகராட்சிக் கணக்கில் சேர்கிறது. தெருவிளக்கும் குப்பை வண்டியும் வடிகாலும் பெரிதும் இதை நம்பித்தான் இருக்கின்றன. வார்டு தோறும் பகுதி சபைக் கூட்டம் நடத்த இப்போது விதி இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரி ரசீதோடு போங்கள். நம் வார்டில் வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, நூலகத்துக்குக் கொடுத்தது எவ்வளவு என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.