1862: லிங்கனின் கையெழுத்துகள்

(கட்சி அரசியல் வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சென்ற வகுப்பில், முதலாம் அகிலத்தின் சார்பில் ஆப்ரகாம் லிங்கனுக்கு மார்க்ஸ் எழுதிய வாழ்த்து மடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, இளம் தோழர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "மார்க்ஸ் வாழ்த்திய அதே லிங்கன்தானே 38 பழங்குடி மக்களைத் தூக்கிலிட உத்தரவிட்டார்? இதை நாம் ஏன் பேசுவதில்லை?" நேரமில்லை என்று கூறி அன்று கடந்துவிட்டேன். உண்மையில் என்னிடம் முழுமையான பதிலும் இருக்கவில்லை. இன்று அந்தக் கேள்வியே நமது பாடம்.

1862ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். உள்நாட்டுப் போரின் இரண்டாம் ஆண்டு. மே 20 அன்று லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஜூலை 1 அன்று பசிபிக் ரயில்வே சட்டம். டிசம்பரில் தூக்குத் தண்டனைப் பட்டியல். அது நிறைவேற்றப்பட்ட ஆறாம் நாள், 1863 ஜனவரி 1 அன்று, அடிமைகள் விடுதலைப் பிரகடனம். நான்கும் ஒரே கையிலிருந்து வந்தவை. இவற்றைத் தனித்தனியாகப் படிக்கும் பழக்கமே நம்மைக் குழப்புகிறது.

முதலில் ஹோம்ஸ்டெட் சட்டம். ஐந்து ஆண்டுகள் தங்கியிருந்து பயிரிடுவோருக்கு, சிறு கட்டணத்தில் 160 ஏக்கர் நிலம் சொந்தம். குடும்பத் தலைவியான பெண்ணும் பெறலாம். குடியுரிமை கோரியிருக்கும் வெளிநாட்டவரும் பெறலாம். இது வானத்திலிருந்து விழுந்த சலுகை அல்ல. 1840களிலேயே நியூயார்க்கில் ஜார்ஜ் ஹென்றி எவான்ஸ் என்ற அச்சகத் தொழிலாளியும் அவரது தோழர்களும் இதற்காக இயக்கம் நடத்தினர். மேற்கில் நிலம் கிடைக்குமானால் ஆலை முதலாளியின் முன் தொழிலாளி கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பது அவர்களின் வாதம். அது வெறுங்கனவு அல்ல. நிலம் எளிதில் கிடைக்கும் இடத்தில் கூலித் தொழிலாளி கிடைக்க மாட்டான் என்பதை முதலாளிகளே எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதை, 'மூலதனம்' முதல் பாகத்தின் இறுதி அத்தியாயத்தில் மார்க்ஸ் எடுத்துக்காட்டுகிறார். அடிமை உடைமையாளர்களும் இதே காரணத்தால் அச்சட்டத்தை அஞ்சினர். சிறு விவசாயிகள் குடியேறும் மேற்கில் அடிமை முறை பரவ முடியாது. 1860இல் ஜனாதிபதி புக்கானன் இத்தகைய மசோதாவைத் தடுத்து நிறுத்தினார். தென் மாநிலங்கள் பிரிந்து சென்ற பிறகே அது சட்டமாயிற்று. எனவே, இது முற்போக்கான சட்டம் என்று கூறத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் அது யாருடைய நிலம்?

சட்டத்தின் மொழியில் அது 'பொது நிலம்'. தரிசு, புறம்போக்கு என்ற சொற்களை அரசுப் பதிவேடுகளில் கண்டிருக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. தீர்வை வராத நிலம் என்பதால் அங்கே மனிதர்கள் வாழவில்லை என்று ஆகிவிடாது.

மினசோட்டாவைப் பார்ப்போம். அங்கு வாழ்ந்தவர்கள் டகோட்டா மக்கள். நமது பாடநூல்கள் அனைவரையும் ஒரே சொல்லில் 'செவ்விந்தியர்' என்று அடக்கிவிடுகின்றன. கொலம்பஸின் தவறை நாம் ஏன் தமிழில் தொடர வேண்டும் என்று தெரியவில்லை. 1851இல் இரண்டு ஒப்பந்தங்களின் மூலம் இரண்டு கோடி ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை இம்மக்கள் இழந்தனர். விலை, ஏக்கருக்குச் சில சென்ட். அதுவும் ரொக்கமாக அல்ல, பெரும்பகுதி ஆண்டுத் தவணைகளாக. கையெழுத்திட்ட தலைவர்களின் முன் மற்றொரு தாளும் நீட்டப்பட்டது. ஒப்பந்தத்தின் பிரதி என்றே பலர் எண்ணினர். வணிகர்கள் எழுதிவைத்திருந்த கடன்களை அப்பணத்திலிருந்து கழித்துக்கொள்ளச் சம்மதிக்கும் பத்திரம் அது. அவ்வாறு பங்கு பெற்ற வணிகர்களில் ஒருவர் ஹென்றி சிப்லி. ஒப்பந்தத்தை நடத்தி முடித்தவர் பிரதேச ஆளுநர் அலெக்சாண்டர் ராம்சே. இவ்விரு பெயர்களையும் நினைவில் வையுங்கள்.

டகோட்டாக்களுக்கு எஞ்சியது மினசோட்டா ஆற்றின் இரு கரைகளிலும் பத்துப் பத்து மைல் அகலமுள்ள ஒரு நிலப்பட்டை. 1858இல் வடகரையும் பறிபோயிற்று. 1861இல் விளைச்சல் பொய்த்தது. 1862 கோடையில் வரவேண்டிய ஆண்டுத் தொகை, போர்ச் செலவைக் காரணம் காட்டித் தாமதமாயிற்று. அரசுக் கிடங்கில் உணவு இருந்தது; பணம் வரும்வரை தர முடியாது என்றார் அரசு முகவர். கடனுக்குத் தர வணிகர்களும் மறுத்தனர். பசித்தால் புல்லைத் தின்னட்டும் என்று ஆண்ட்ரூ மைரிக் என்ற வணிகர் கூறியதாகப் பதிவாகியுள்ளது. ஆகஸ்ட் 18 அன்று போர் வெடித்தது. மைரிக் முதல் நாளே கொல்லப்பட்டார். 71,000 டாலர் தங்கம் ரிட்ஜ்லி கோட்டைக்கு வந்து சேர்ந்ததும் அதே நாளில்தான், சில மணி நேரம் தாமதமாக.

இங்கேதான் நமக்கு உறுத்தும் ஒரு செய்தி இருக்கிறது. டகோட்டாக்கள் இருமுறை தாக்கிய நகரம் நியூ உல்ம். அதை உருவாக்கியவர்கள் ஜெர்மானியக் குடியேறிகள். அவர்களில் பலர் 1848 புரட்சியின் மரபில் வந்த டர்னர் சங்கத்தினர். மத ஆதிக்கத்தை மறுத்தவர்கள், அடிமை முறையை எதிர்த்தவர்கள், உழைக்கும் மக்கள். நமது மூதாதையர் என்று நாம் உரிமை கொண்டாடத்தக்கவர்கள். அவர்கள் சமத்துவ ஊரைக் கட்ட முயன்ற இடம், 1851இல் பறிக்கப்பட்ட நிலம். அந்த ஆறு வாரப் போரில் மடிந்த பல நூறு குடியேறிகளில் மிகப் பெரும்பாலோர் ஏழைகள், குழந்தைகளும் உண்டு. அதை மறைத்துவிட்டு டகோட்டாக்களுக்கு நியாயம் பேச வேண்டிய தேவை நமக்கு இல்லை.

போருக்குப் பின் இராணுவ ஆணையம் ஒன்றை அமைத்தவர் யார் தெரியுமா? படைத் தளபதியாகியிருந்த அதே சிப்லி. 392 பேர் விசாரிக்கப்பட்டனர். வழக்கறிஞர் கிடையாது. சில விசாரணைகள் நிமிடக் கணக்கில் முடிந்தன. 303 பேருக்கு மரண தண்டனை. மாநில ஆளுநராகியிருந்த அதே ராம்சே, இம்மக்கள் அழிக்கப்பட வேண்டும் அல்லது எல்லைக்கு வெளியே துரத்தப்பட வேண்டும் என்று சட்டமன்றத்திலேயே அறிவித்தார். 303 பேரையும் தூக்கிலிடக் கோரும் கடும் நிர்ப்பந்தத்துக்கு இடையே லிங்கன் ஆவணங்களைப் பார்வையிடச் செய்து, பட்டியலைக் குறைத்தார். அதனால் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் டிசம்பர் 26 அன்று மங்காட்டோ நகரில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் நிறைவேற்றப்பட்ட மிகப் பெரிய மரண தண்டனை அது. அடிமை முறையைக் காக்க ஆயுதமேந்திய தென்மாநிலப் படையினர் சரணடைந்தபோது போர்க் கைதிகளாக நடத்தப்பட்டனர். ஒப்பந்தம் செய்துகொள்ளும் அளவுக்குத் தனி தேசமாகக் கருதப்பட்ட டகோட்டாக்களோ, போரிட்டபோது கொலைக் குற்றவாளிகளாயினர்.

1863இல் அமெரிக்க காங்கிரஸ் அவை ஒப்பந்தங்களை ரத்து செய்து, டகோட்டாக்களை மினசோட்டாவிலிருந்தே வெளியேற்றியது. போரில் பங்கேற்காத ஹோ-சங்க் மக்களும் சேர்த்து விரட்டப்பட்டனர். அவர்களது நிலமும் வளமானது; அதுவே போதுமான குற்றம்.

நிலத்தின் பெரும்பயன் ஏழைக் குடியேறிகளுக்கும் போய்ச் சேரவில்லை. 1850 முதல் 1871 வரை ரயில்வே நிறுவனங்களுக்கு அமெரிக்க அரசு வழங்கிய நிலம் ஏறத்தாழ 13 கோடி ஏக்கர். பாதையை மலையில் குடைந்த சீனத் தொழிலாளர்கள் 1867 ஜூனில் வேலைநிறுத்தம் செய்தபோது, நிறுவனம் உணவு வருவதைத் தடுத்து ஒரே வாரத்தில் பணியவைத்தது. மறுபுறம், 160 ஏக்கர் பெற்ற விவசாயி ரயில் கட்டணத்திலும் அடமானக் கடனிலும் சிக்கினான். 1892இல் ரயில்வேயை அரசுடைமையாக்கக் கோரிய மக்கள் கட்சி அந்த விவசாயிகளின் கட்சிதான்.

இனி தோழரின் கேள்விக்கு வருகிறேன். அகிலத்தின் வாழ்த்து மடல் சரியானதே. அடிமை முறையின் வீழ்ச்சியில் உலகத் தொழிலாளி வர்க்கத்தின் நலன் அடங்கியிருந்தது. ஆனால் அதே மடல் மேற்கு நிலங்களைக் கன்னி மண் என்று குறிப்பிடுகிறது. குடியேறியின் உழைப்பா, அடிமை உடைமையாளனின் காலடியா என்று மட்டுமே கேட்கிறது. மூன்றாவதாக ஒரு மக்கள் அங்கு இருந்தது அந்த வாக்கியத்தில் இல்லை. எழுதியவர் மார்க்ஸ் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவது மார்க்சியமாகாது. மூன்றே ஆண்டுகளில், 1867இல், அமெரிக்கப் பூர்வகுடிகளின் அழித்தொழிப்பை ஆதித் திரட்டலின் முதன்மைக் கூறுகளில் ஒன்றாக மூலதனத்தில் வைத்தவரும் அவரே. தம் இறுதி ஆண்டுகளில் இரோக்வா மக்களையும் ஆராயும் மார்கனின் நூலைப் படித்துப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார். அக்குறிப்புகளைப் பயன்படுத்தியே 1884இல் எங்கெல்ஸ் தமது நூலை எழுதினார். நிலத்தை விற்கவோ வாங்கவோ தெரியாத சமூகங்கள் அப்போது அவர்களுக்குக் கடந்து செல்ல வேண்டிய வெற்றிடமாகத் தெரியவில்லை.

'நிலம் உழுபவனுக்கே' என்று நாம் முழங்கும்போது எந்த நிலம், இப்போது அதில் யார் என்று கேட்டாக வேண்டும். அந்த இளம் தோழரின் கேள்வி என்னை அங்கேதான் கொண்டுவந்து நிறுத்தியது.

ஒரு செய்தியுடன் நிறுத்திக்கொள்கிறேன். உணவு தர மறுக்கப்பட்ட அரசுக் கிடங்குகளில் ஒன்று இருந்த மேல் முகமை வளாகம் பிற்காலத்தில் மாநிலப் பூங்காவாக்கப்பட்டது. பசியால் மாண்ட தம் முன்னோர் புதைந்திருக்கும் இடத்துக்குள் செல்ல நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதாக அங்குள்ள டகோட்டா சமூகத்தினர் நீண்ட காலம் முறையிட்டு வந்தனர். 2024இல் மினசோட்டா மாநிலம் அந்த நிலத்தை அவர்களிடமே திருப்பி ஒப்படைத்தது.