நெஞ்சு வலி வந்தவரை மூலையில் முடக்காதீர்கள்!

(மஹல்லா இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஜவுளி வணிகர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன். கல்லாவில் உட்கார்ந்தே காலம் கழித்தவன். மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, உயிர் பிழைத்து உங்கள் முன் நிற்கிறேன். அந்த ஒரு தகுதியில்தான் பேசுகிறேன்.

மருத்துவமனையிலிருந்து வரும்போது ஒரு கோப்பும் ஒரு பை மாத்திரையும் தந்தார்கள். இனி எப்படி வாழ்வது என்று உட்கார வைத்துச் சொல்ல ஆளில்லை. வீட்டிலோ, "வாப்பா, எந்திரிக்காதீங்க" என்று மகள் அழுதாள். கடைச் சாவி தம்பி கைக்குப் போனது. இரண்டு மாதம் கட்டிலே கதியென்று கிடந்தேன். நோயைவிட அச்சம்தான் என்னை அதிகம் தின்றது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த காக்காவும் ஒரு வியாபாரிதான். நான்காம் மாதம், "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்தது. அவருடைய ஜனாஸாவில் நானும் நின்றேன். சகோதரர்களே! மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவருக்கு, இரத்தம் உறையாதிருக்கும் இரண்டு மாத்திரைகளைப் பெரும்பாலும் ஓராண்டு தருகிறார்கள். நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை; நம் வேலை அன்று.

படுத்தே கிடப்பது நல்லது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். வாரக்கணக்கில் அசைய விடமாட்டார்கள். 1952இல் அமெரிக்காவில் லெவின், லோன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. 1955இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைக் கவனித்த டாக்டர் பால் டட்லி ஒயிட், நடைப்பயிற்சியை வலியுறுத்தியவர். ஐசனோவர் 1956 தேர்தலில் நின்று மீண்டும் வென்றார். அவர் ஒரு நாட்டையே ஆண்டாரே, நம்மால் ஒரு கடையை நடத்த முடியாதா?

படிப்படியான நடை, தவறாத மாத்திரை, அளவான உணவு, புகையை விடுதல், மன தைரியம். இவை சேர்ந்ததுதான் இதய மறுவாழ்வுப் பயிற்சி. 85 ஆய்வுகளை, 23,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒருங்கே வைத்து 2021இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வு, உடற்பயிற்சியோடு கூடிய இந்தப் பயிற்சியால் இதய நோய் மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறைகின்றன என்று சொன்னது. பெரிய மையம் வேண்டுமென்பதில்லை. வீட்டிலிருந்து செய்தாலும் பலன் ஏறத்தாழ அதேதான் என்று வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன.

நமக்கு இது ஏன் அவசரம்? 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது தெற்காசியாவில் 53. மற்ற நாடுகளில் ஏறக்குறைய 59. பிள்ளைகள் படிப்பும் பெண்ணின் திருமணமும் காத்திருக்கும் வயதல்லவா இது?

எனவே மஹல்லாவுக்கு ஐந்து கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று: சுப்ஹு தொழுகைக்குப் பின் நடைக்குழு. மருத்துவர் அனுமதி பெற்றவர் பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டட்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும்; மூச்சு முட்டினால் வேகம் அதிகம். நெஞ்சு வலித்தால் உடனே நின்று உட்காருங்கள். வலி சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 108ஐ அழையுங்கள்.

இரண்டு: ஜமாஅத் அலுவலகத்தில் ஓர் இரத்த அழுத்தக் கருவி. வாரம் ஒருநாள் அளந்து நோட்டில் எழுதும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்க வேண்டும்.

மூன்று: பைபாஸ் செய்தவருக்கு மார்பெலும்பு ஒட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை மூட்டை தூக்குவது, கடை ஷட்டரை இழுப்பது எல்லாம் பக்கத்துக் கடைக்காரர் பொறுப்பு.

நான்கு: ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மாத்திரை நேரத்தை நாமே மாற்றக்கூடாது. நோன்பு வேண்டாமென்று அவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்பதில் வெட்கமென்ன?

ஐந்து: கடை வாசலில் சிகரெட் வேண்டாம். விட்ட ஓராண்டில், புகைப்பதால் கூடிய இதய ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிறது.

அன்பர்களே! அந்தக் காக்காவின் கடை இன்று பூட்டிக் கிடக்கிறது. ஆயுள் அல்லாஹ்வின் கையில். ஆனால், "மாத்திரை சாப்பிட்டீங்களா காக்கா?" என்று நான் ஒரு நாள் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த உறுத்தல் எனக்குப் போதும், உங்களுக்கு வேண்டாம். நம் தெருவில் மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் யாரென்று இன்றிரவே விசாரியுங்கள். நாளை காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வஸ்ஸலாம்.