கங்கை ஓங்கிலின் செவிப்புலன்

கங்கையின் கலங்கல் நீரில் கண் இருந்தும் பயன் என்ன? அங்கு வாழும் ஓங்கிலின், அதாவது டால்பினின், கண்ணில் வில்லையே இல்லை. ஒளியையும் இருளையும் பிரித்தறிவதோடு அதன் பார்வை முடிகிறது. பீகார் மக்கள் 'சோன்ஸ்' என்றழைக்கும் இவ்விலங்கு, இடையறாது நுண்ணொலிகளை எழுப்பி, மீனிலும் மணலிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டே வழியறிந்து இரை தேடுகிறது. ஆழங்குறைந்த இடத்தில் ஒருக்களித்து நீந்தி, துடுப்பால் அடித்தரையைத் தடவிச் செல்வதும் உண்டு. கண்ணிழந்தார் கைக்கோல் நம் நினைவுக்கு வருகிறது.

2009-இல் இதனை நம் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தோம். அதே கங்கையில் விசைப்படகுகளையும் சரக்குக் கப்பல்களையும் பெருக்கியும் வருகிறோம். பொறிகளின் இரைச்சலில் எதிரொலி அமிழ்ந்துபோகிறது. கோடையில் நீர் வற்றும்போதோ விலகிச் செல்லவும் இடமில்லை. பாகல்பூரை அடுத்து 1991-இல் விக்கிரமசீலா சரணாலயம் அமைத்தோம். அவ்விடத்திலேனும், அக்கோடை மாதங்களிலேனும், நம் கலங்கள் மெல்லச் செல்லலாகாதா?