சிம்லாவில் ஓர் உலா

தில்லி வெயிலுக்கு அஞ்சி, சென்ற வைகாசியில் நாங்கள் குடும்பத்துடன் சிம்லா சென்றோம். இமாசலப் பிரதேசத்தின் தலைநகராகிய அந்நகரைக் காலால் நடந்தே காணவேண்டும். மால் சாலையில் பொது வாகனங்களுக்கு இடமில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கே வண்டியிற் செல்லும் உரிமை வைசிராய் முதலிய மிகச் சிலருக்கே இருந்தது. ஏனைய துரைமாரை ரிக்‌ஷாவில் அமர்த்தி மனிதர்களே இழுத்தனர். அச்சாலை வழியே மேற்கே நடந்து, 1888-இல் கட்டி முடித்த வைசிராய் மாளிகையை அடைந்தோம். குடியரசுத் தலைவராயிருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் 1965-இல் தொடங்கி வைத்த உயராய்வு நிறுவனம் இன்று அங்கே நடைபெறுகிறது.

புறப்பட்ட அன்று, விடுதியிலிருந்து ரயிலடிவரை எங்கள் பெட்டிகளை முதுகிற் சுமந்து வந்தார் ஒரு முதியவர். அரசு மாறியும் மனிதன் முதுகிலிருந்து சுமை இன்னும் இறங்கவில்லை. அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தோம். சிம்லா செல்லும் அன்பர்களும் அவ்வாறே செய்வார்களாக.