அச்சகம், பலூன், டயர்: திருவொற்றியூருக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வடசென்னைத் தொழில் வரலாறு பற்றிப் பேசுங்க சார். இருபது நிமிஷத்தில் முடிச்சிடுங்க, அடுத்தது சாப்பாடு" என்று செயலாளர் சொன்னார். பிரியாணி வாசனை வந்துகொண்டிருக்கும்போது ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள எல்லாத் தொழிற்சாலைகளையும் பற்றிப் பேசினால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். ஆகவே ஒரே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் கோட்டயத்தில் ஆரம்பித்து, நம் திருவொற்றியூர் வழியாக, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தைத் தொட்டுவிட்டு வரும் கதை அது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் பொறியாளன். இந்தக் குடும்பத்தின் கம்பெனியில் நான் வேலை பார்த்ததில்லை. அவர்களுக்கு விளம்பரம் செய்யவும் வரவில்லை.

1888-ஆம் ஆண்டு கோட்டயத்தில் கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளை என்பவர் ஒரு அச்சுக் கம்பெனியைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 ரூபாய், மொத்தம் 100 பங்குகள். அந்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்ட ஆள் இல்லை, தவணையில்தான் வசூல். முதல் தவணையில் வந்ததை வைத்து லண்டனில் செய்த ஹாப்கின்சன் அண்ட் கோப் அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கினார்கள். இயந்திரம் வந்துவிட்டது, மலையாள எழுத்துக்கு அச்சு வேண்டுமே? உள்ளூர்க் கைவினைஞரான கொந்தி ஆசாரி என்பவரை அமர்த்தி எழுத்துகளைச் செய்ய வைத்தார்கள். 1890 மார்ச்சில் 'மலையாள மனோரமா' முதல் இதழ் வந்தது.

தம்பிகளே, அந்த ஆசாரியின் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவரிடம் திரும்பி வருவேன்.

வர்கீஸ் மாப்பிள்ளை 1904-இல் காலமானார். அவருடைய சகோதரர் மகன் கே.சி. மாம்மன் மாப்பிள்ளை பத்திரிகைப் பொறுப்புக்கு வந்தார். நம் சென்னையில் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். பத்திரிகையோடு அவர் நிற்கவில்லை. திருவிதாங்கூரில் ரப்பர் தோட்டம் போட்ட முன்னோடி இந்தியர்களில் அவரும் ஒருவர். ரப்பர் நம் மண்ணின் மரம் அல்ல. 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார், அங்கிருந்து கன்றுகள் ஆசியாவுக்கு வந்தன. கேரளத்தில் வியாபார ரீதியாக ரப்பர் பயிரிட்டது 1902-இல்தான் ஆரம்பம். முதலில் வெள்ளைக்காரத் துரைமார்கள், பிறகு நம்மவர்கள். 1912-இல் மாம்மன் மாப்பிள்ளை திருவிதாங்கூர் நேஷனல் பாங்க்கையும் தொடங்கினார்.

1937-இல் அந்த பாங்க் கொல்லம் பாங்க்குடன் இணைந்து, நாட்டின் பெரிய பாங்க்குகளில் ஒன்றாக ஆனது. பத்திரிகை, தோட்டம், பாங்க் என்று ஒரு குடும்பம் மூன்று காலில் நிற்கிறது. அசையுமா என்று தோன்றும். 1938 ஜூன் மாதம் பாங்க் கதவை மூடியது.

ஏன் மூடியது என்பதில் இரண்டு கட்சி உண்டு. பொறுப்பாட்சி கேட்டுப் போராடியவர்களைப் பத்திரிகை ஆதரித்ததால் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் பழிதீர்த்தார் என்பது குடும்பத்தின் கட்சி. பாங்க்கின் கணக்கே பலவீனமாக இருந்தது என்பது அரசாங்கத்தின் கட்சி. எது எப்படியோ, நடந்தது நடந்தது. பாங்க் தலைவர்கள் கைதானார்கள். மாம்மன் மாப்பிள்ளை சிறைக்குப் போனார். அதே 1938 செப்டம்பரில் மனோரமா அச்சகத்துக்கு சீல் வைத்தார்கள். சொத்துகள் போயின. பணம் போட்டிருந்த சாதாரண ஜனங்களின் சேமிப்பும் மாட்டிக்கொண்டது. இந்தப் பகுதியைச் சொல்லும்போது அவர்களையும் நினைக்க வேண்டும். வயதான காலத்துக்கென்று எடுத்து வைத்தவர், பெண் கல்யாணத்துக்கு என்று போட்டவர் எல்லோருக்கும் அது விழுந்த வருஷம்தான். பாங்க்குகளைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு இதற்குப் பிறகுதான் வலுத்தது. 1949-இல் அந்தச் சட்டம் வந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மாம்மன் மாப்பிள்ளையின் மகன்களில் ஒருவர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை, 1922-இல் பிறந்தவர். வீடு நொடிந்து போன காலத்தில் தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். படிப்பு முடிந்தது, கல்யாணமும் ஆனது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சின்ன ஷெட்டில் 14,000 ரூபாய் முதல் போட்டு ஒரு தொழில் தொடங்கினார். என்ன தொழில்? குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன்!

"பத்திரிகை அதிபர் வீட்டுப் பிள்ளை பலூன் விக்குதா?" என்று ஊர் பேசியிருக்கும். பலூன்களைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைத் தெருக்களில் அவரே கொண்டுபோய் விற்றார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

ஏன் பலூன்? பொறியாளன் கண்ணால் பார்த்தால் பதில் எளிது. பலூனுக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். மரத்திலிருந்து வடியும் ரப்பர் பாலில் அம்மோனியா கலந்து கெடாமல் வைக்கலாம். கந்தகமும் சாயமும் சேர்த்து, பலூன் வடிவத்தில் உள்ள அச்சை அந்தப் பாலில் முக்கி எடுத்து, வாய்ப்பகுதியைச் சுருட்டி, சூட்டில் பதப்படுத்தி உரித்தால் பலூன். ஒரு ஷெட், நாலு தொட்டி, ஒரு அடுப்பு, கை வேலைக்கு ஆட்கள், அவ்வளவுதான் தேவை. பணம் இல்லாதவன் ரப்பர் தொழிலில் நுழையக்கூடிய மிகச் சின்ன வாசல் அது.

தோட்டமும் பாங்க்கும் போனாலும் ரப்பர் என்றால் என்ன, அது எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்க வேண்டும் என்ற அறிவு வீட்டில் இருந்தது. அதை ஜப்தி செய்ய எந்த அமீனாவாலும் முடியாது.

அடுத்த மூன்று ஆண்டுகளில் ரப்பர் பாலில் செய்யும் பொம்மைகள், கையுறைகள் என்று சரக்கு பெருகியது. 1949-இல் தம்புச் செட்டித் தெரு 334-ஆம் எண்ணில் முதல் அலுவலகம். 1952-இல் ஒரு திருப்பம். டயர் ரிட்ரெடிங் பட்டறை வைத்திருந்த உறவினர் ஒருவருக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி டிரெட் ரப்பர் சப்ளை செய்வதை மாப்பிள்ளை கவனித்தார். "இதை நாமே செய்தால் என்ன?" என்ற கேள்வி பிறந்தது. லாரி டயர் தேய்ந்து வழுக்கையானால் தூக்கிப் போடுவதில்லை. மேல்பாகத்தைச் சுரண்டிவிட்டு, புதிய ரப்பர் பட்டையைச் சுற்றி, அச்சில் வைத்து வேகவைப்பார்கள். அந்தப் பட்டைதான் டிரெட் ரப்பர்.

இதற்கு முக்கி எடுக்கிற தொட்டி போதாது. கெட்டி ரப்பரோடு கரித்தூளும் கந்தகமும் சேர்த்துப் பிசைய இரட்டை உருளை மில் வேண்டும். வாங்கினார். 1956 முடிவதற்குள் நாட்டின் டிரெட் ரப்பர் சந்தையில் பாதி இந்தத் திருவொற்றியூர் கம்பெனியின் கையில் இருந்தது.

மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பலூனிலிருந்து டயருக்குத் தாவினார் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். தாவவில்லை, படியேறினார். பலூனில் ரப்பர் பாலின் குணம் தெரிந்தது. டிரெட் ரப்பரில் கலவையின் சூட்சுமமும் லாரிக்காரரின் தேவையும் தெரிந்தன. அதன் பிறகுதான் டயர். அதற்கு நூல் துணி வேண்டும், எஃகுக் கம்பி வேண்டும், பெரிய அச்சுகள் வேண்டும். இந்த வித்தை நம்மிடம் இல்லை. ஆகவே ஓஹையோவில் மான்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் இருந்த மான்ஸ்ஃபீல்ட் டயர் அண்ட் ரப்பர் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தார்கள். 1961-இல் மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி பொதுப் பங்கு நிறுவனம் ஆனது. டயர் தயாரிப்பில் இறங்கியதும் அந்தக் காலத்தில்தான். நீங்கள் அறிந்த எம்.ஆர்.எஃப். இதுதான்.

ஓஹையோ மாநிலம் அமெரிக்காவின் ரப்பர் நாடு. 1870-இல் குட்ரிச் என்பவர் அக்ரன் நகரில் தொழிற்சாலை போட்டதிலிருந்து டயர்க் கம்பெனிகள் அங்கே குவிந்தன. அதற்கும் முந்தி ஒருவர் உண்டு. சார்லஸ் குட்இயர், இரும்புச் சாமான் கடை வைத்து நொடித்த வியாபாரி. கடனுக்காகச் சிறை போனவர். 1839-இல் கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினால் அது உறுதியாகிறது என்று கண்டுபிடித்தார். 1860-இல் சாகும்போதும் கடனாளியாகத்தான் செத்தார். அவர் பெயரில் உள்ள டயர்க் கம்பெனிக்கும் அவர் குடும்பத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இந்தத் தொழிலின் வேரிலேயே ஒரு நொடித்த வியாபாரி இருக்கிறார்.

1967-இல் திருவொற்றியூர் கம்பெனி அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்தது. வித்தை சொல்லிக் கொடுத்த மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியோ 1970-களின் இறுதியில் மூடப்பட்டது. நம் பகுதியில் இது புதிதல்ல. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு நின்று போனது, 1955-இல் தொடங்கிய நம்மூர் என்ஃபீல்டு ஓடிக்கொண்டே இருந்தது. கற்றுக் கொடுத்தவன் கடை மூடினாலும் கற்றுக் கொண்டவன் கையில் தொழில் இருக்கும்.

கோட்டயத்தில் மனோரமா 1947 நவம்பரில் மறுபடியும் வெளிவந்தது. தகப்பனார் அதைப் பார்த்துவிட்டு 1953 டிசம்பர் கடைசியில் கண் மூடினார். மகன் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1992-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2003-இல் காலமானார். அவர் மகன்கள் தொழிலைத் தொடர்ந்தார்கள். 2023 ஜூனில் எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்றின் விலை 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. 1888-இல் பங்கு ஒன்று 100 ரூபாய் என்று சொன்னேன் அல்லவா?

இங்கே கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம். ஆனால் இன்னும் இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது.

ஒன்று, 14,000 ரூபாய். 1946-இல் அது சின்னத் தொகை இல்லை. ஒரு தொழிலாளி பல வருஷச் சம்பளத்தைச் செலவே செய்யாமல் சேர்த்தாலும் கிடைக்காத பணம். கல்லூரிப் படிப்பும் சொந்தபந்தமும் கூட இருந்தன. "அவர் பலூனில் ஆரம்பிச்சார், நீயும் ஆரம்பிடா" என்று ஒரு பையனிடம் சொல்லும் முன் இதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவன் தோல்விக்கு அவனையே குற்றவாளி ஆக்கிவிடுவோம்.

இரண்டு, கொந்தி ஆசாரி. மாப்பிள்ளை குடும்பத்துக்கு வரலாறு இருக்கிறது, அச்சகம் அவர்களிடமே இருந்தது. எழுத்தைச் செய்து கொடுத்த ஆசாரி அந்த வரலாற்றில் ஒரே வரியில் நிற்கிறார். அந்த ஒரு வரியாவது அவருக்குக் கிடைத்தது. திருவொற்றியூர் ஷெட்டில் முதல் பலூனை முக்கி எடுத்த கைகளுக்கு அதுவும் இல்லை.

விம்கோ, கே.சி.பி., கார்போரண்டம், என்ஃபீல்டு, எண்ணூர் அசோக் லேலண்ட், துறைமுகம் என்று இந்தப் பகுதியைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்த அரங்கில் பாதிப் பேர். என் தாத்தா ராயபுரத்தில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். அவருக்கு அப்பா பெயர் வரைக்கும் எங்கள் வீட்டில் தெரியும். அதற்கு மேலே கேட்டால் அத்தை சிரிக்கிறார். "நமக்கு ஏதுடா சரித்திரம், சம்பளச் சீட்டுதான் இருந்துச்சு, அதையும் கரையான் தின்னுடுச்சு" என்கிறார்.

ஆகவே தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே உட்கார வைத்து ஐந்து கேள்வி கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்? கையில் என்ன கருவி பிடித்தீர்கள்? யார் கற்றுக் கொடுத்தது? முதல் கூலி எவ்வளவு? கடைசிக் கேள்விதான் முக்கியம்: நம் வீடு விழுந்த வருஷம் எது, அப்போது என்ன மிஞ்சியது?

அந்தக் கேள்விக்கு முதலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆலை மூடியது, கை நசுங்கியது, வட்டிக்கு வாங்கியது எல்லாம் வெட்கம் என்று நினைப்பார்கள். 1938-ஐ மறைத்துவிட்டுக் கோட்டயத்துக் குடும்பத்தின் கதையைச் சொன்னால், அது வெறும் பணக்காரர் வீட்டுக் கதை. நமக்கு அதில் ஒன்றும் இல்லை. 1938 இருப்பதால்தான் பலூனுக்கு அர்த்தம் வருகிறது. விழுந்தபோது அந்த வீட்டில் மிஞ்சியது ரப்பரைப் பற்றிய அறிவு. உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கும், இல்லாவிட்டால் நீங்கள் இன்று இந்தக் கல்லூரியில் உட்கார்ந்திருக்க முடியாது. அது என்ன என்று தெரிந்துகொண்டு வெளியே போங்கள். வேலை தேடும் காலத்தில் சான்றிதழோடு அதுவும் துணைக்கு வரும்.

திருவொற்றியூர் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. பெரும் வணிகராக இருந்து எல்லாவற்றையும் தானாகவே விட்டவர் என்று சொல்வார்கள். அதே ஊர், தானாக விடாமல் பறிகொடுத்து வந்தவர்களுக்கும் ஒரு ஷெட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறது. நம் தாத்தாக்களுக்கும் கொடுத்தது.

எழுதிக் கொண்டு வருகிறவர்களின் பக்கங்களை அடுத்த மலரில் போடுவதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மேடையில் வைத்துச் சொல்லிவிட்டேன், இனி அவர் தப்ப முடியாது. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் போதும்.