கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி தீர்மானத்தைப் படிங்க

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுத்தியுள்ள கிராமங்கள்ல இருக்கிறவங்க, இந்த எபிசோடைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. கும்மிடிப்பூண்டி டவுன் பேரூராட்சி. அங்க கவுன்சிலர்கள் கூடி முடிவெடுப்பாங்க. கிராம ஊராட்சியில அதுக்கும் மேல ஒரு கூட்டம் இருக்கு. அதுதான் கிராம சபை.

ஊராட்சியோட வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாருமே இதுல உறுப்பினர். கம்பெனி வேலைக்கு வந்து வாடகைக்குத் தங்கியிருக்கிறவங்க, ஓட்டைச் சொந்த ஊர்லயே வெச்சிருந்தா, இங்க உறுப்பினர் ஆக முடியாது. குடிக்கிறது இந்த ஊர்த் தண்ணி. அதைப் பத்தி முடிவெடுக்கிற இடத்துல உங்க பேர் இல்ல. அதனால இங்கயே நிலையா இருக்கிறவங்க முதல்ல ஓட்டை மாத்துங்க.

வருஷத்துக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரைன்னா 50 பேர் வரணும். 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதுக்கு மேல 300 பேர். ஊராட்சியோட திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை எல்லாம் இங்க வைக்கணும்.

கூட்டத்துக்குத் தலைவர்தான் தலைமை. ஆனா அந்த நாற்காலி எல்லாருக்கும் சுலபமா கிடைச்சுடல. 2020 ஆகஸ்ட் 15 அன்னைக்கு, இதே பகுதியில ஆத்துப்பாக்கம் ஊராட்சியோட பட்டியலினப் பெண் தலைவரைத் தேசியக் கொடி ஏத்த விடல. விஷயம் வெளிய வந்ததும், ஆகஸ்ட் 20-ஆம் தேதி மாவட்ட ஆட்சியர் முன்னிலையில அவங்க கொடி ஏத்தினாங்க. தலைவரையே ஒதுக்க முடிஞ்ச ஊர்ல, சாதாரண ஆள் எழுந்து கேள்வி கேட்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் தனியா போகாதீங்க, தெருவா சேர்ந்து போங்கன்னு சொல்றேன்.

2025 ஜனவரியில திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகள்ல பதவிக்காலம் முடிஞ்சு, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தாங்க. தலைவர் பதவி காலியானாலும் கிராம சபை கலையாது.

கடைசியா ஒண்ணு. நீங்க பேசினது தீர்மானப் புத்தகத்துல ஏறினாத்தான் கணக்கு. வெத்துத் தாள்ல கையெழுத்து போடாதீங்க. எழுதினதைச் சத்தமா படிக்கச் சொல்லுங்க, சரியா இருந்தா போடுங்க. பின்னாடி சந்தேகம் வந்தா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டி நகல் கேளுங்க. அடுத்த கூட்டத்துக்கு அந்த நகலோட போங்க. போன தடவை போட்ட தீர்மானம் என்ன ஆச்சுங்கிறதுதான் உங்க முதல் கேள்வியா இருக்கணும்.