படமெடுத்தால் போதுமா? படிப்பார் வேண்டாவா?

(பைக்காராவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) தம் தாய்மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டெனக் கருதி, நெடுங்காலம் அதனையே ஆய்ந்தார். அம் முடிவை அறிஞர் பலர் ஒப்பவில்லை. அது நிற்க. உறவு உண்டோ இன்றோ, முன்னோர் எழுத்தைக் காப்பதில் சப்பானியர் ஆற்றிவரும் பணி தமிழர் கற்க வேண்டிய பாடமாகும்.

1923 செப்தம்பர் 1ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தைத் தொடர்ந்து எழுந்த தீயில், தோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழக நூலகம் எரிந்தது. ஒரே படியாய் இருந்த நூல் எரிந்தால் மீளாது என்பதை அந் நாடு பட்டறிந்தது. அங்குள்ள நாடாளுமன்ற நூலகம் 2002 முதல் தன் பழம் பொத்தகங்களை இணையத்தில் ஏற்றி வருகின்றது. சப்பானிய இலக்கிய ஆய்வு நிறுவனமோ, 3,00,000 பழநூல்களைப் படமெடுக்கும் இலக்கோடு 2014இல் பெரும்பணி தொடங்கிற்று. 1785இல் அச்சான ஒரு நூலின் முட்டைக் கறிவகைகளைக்கூட இன்றைய அடுக்களைக்கு ஏற்பப் பெயர்த்துத் தந்துள்ளனர். பண்பாட்டு வரலாறு என்பது அரசர் போர் மட்டுமன்று. மக்கள் உண்டதும் உடுத்ததும் அதுவே.

ஆனால், படமெடுத்தபின் ஓர் இடர் எதிர்ப்பட்டது. 1900இல் பள்ளி எழுத்து ஒரே வடிவாக வரையறுக்கப்பட்டது; பழைய கூட்டெழுத்தைப் படிப்பவர் அருகினர். தம் பாட்டன் எழுதியதைப் பெயரன் படிக்க இயலவில்லை! அதற்கும் வழி கண்டனர். பழைய நிலநடுக்கக் குறிப்புகளைப் பொதுமக்களே படித்துப் பெயர்த்தெழுதும் முயற்சி 2017இல் தொடங்கிற்று. கூட்டெழுத்தைப் படித்துக் காட்டும் 'மீவோ' என்னும் கைப்பேசிச் செயலி 2021இல் வந்தது.

தமிழர் நிலை என்ன? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அது நிலம் நடுங்கியதால் வந்த தீ அன்று. மாந்தர் வைத்த தீ! எரிந்தது எரிந்ததே, எனினும் எஞ்சியவற்றைக் காக்க ஈழத்து ஆர்வலர் 2005 முதல் 'நூலகம்' என்னும் பெயரால் இணையத்தில் சேர்த்து வருகின்றனர். தமிழகத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உண்டு. படம் இருக்கின்றது. படிப்பார் எங்கே? ஓலையில் புள்ளி இராது. எகர ஏகாரங்கட்கு வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கும். சொற்கட்கிடையே இடைவெளி இராது. ஓலை கிடக்கட்டும், 1978இல் எழுத்துத் திருத்தம் வந்தபின், அதற்கு முந்தைய அச்சு நூலின் ணை, லை வடிவங்களைக் கண்டே இளையோர் தடுமாறுகின்றனர்!

பைக்காரா ஆற்றுநீர் காலமெல்லாம் வீழ்ந்துகொண்டுதான் இருந்தது. 1930களில் மின்னிலையம் எழுந்த பின்னரே அது விளக்கெரித்தது. இணையத்தில் ஏறிய ஏடும் அத்தகையதே. படிப்பார் கைப்பட்டாலன்றி ஒளி தராது.

ஏட்டில் ஏறாத செல்வமும் இம் மலையில் உண்டு. தமிழோடு ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த தோடர் மொழிக்குத் தனியெழுத்து இல்லை. பாட்டே அவர்தம் நூலகம். 1930களில் எமெனோ என்னும் அறிஞர் இங்குத் தங்கிக் கேட்டெழுதிய தோடர் பாடல்கள், 1971இல் ஆக்சுபோர்டில் நூலாயின. கனடாவிற் பிறந்தவர் கடல் கடந்து வந்து கேட்டார். அருகிலிருப்போர் கேட்டனரா?

இளைஞர்களே! வீட்டுப் பரணிலுள்ள ஏட்டையும் பழம் பொத்தகத்தையும் கறையான் காணுமுன் எடுங்கள். படமெடுத்துப் பலர் அறிய வையுங்கள். மலைமக்களின் முதியோரிடம் இசைவு பெற்று, அவர்தம் பாட்டைப் பதியுங்கள். ஊருக்கு ஒருவரேனும் ஓலை படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சப்பானியப் பொதுமக்களுக்கு இயன்றது தமிழருக்கும் இயலும்!